வெள்ளலூர்ப் புதையலும் ரோமின் வீழ்ச்சியும்: மிளகுதான் காரணமா?

நொய்யல்கரை:
1842-ல் வெள்ளலூரில் கிடைத்த புதையல் தொடங்கி, கோவை வட்டாரத்து ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவைதானுங்க. நீரோவுக்குப் பிந்தையவை ரொம்பக் குறைவு. மிளகுக்கும் படியூர்ப் பச்சைக்கல்லுக்கும் (பெரில் மணி) வெள்ளியைக் கொட்டியே ரோம் நொடிச்சுப் போச்சுங்கறாங்க. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போகுதுன்னு ரோமானிய எழுத்தாளர் பிளினியும் எழுதி வெச்சிருக்கார். சரிதானுங்களா?

உரைகல்:
இல்லைங்க. டைபீரியஸ் காலம் வரை ஒரு ரோமானிய பவுண்டுக்கு (சுமார் 327 கிராம்) 84 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) அடித்தார்கள். வெள்ளி 97-98 சதவீதம். கி.பி. 64-ல் நீரோ அதை 96 காசாக்கி, செம்பையும் கலந்து வெள்ளியை 80 சதவீத அளவுக்கு இறக்கினார். கணக்குப் போட்டால், 100 பழைய காசை உருக்கி 140 புதுக்காசு எடுக்கலாம். ரோமுக்குள்ளே இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இங்கே காசை வெள்ளியாகப் பார்த்து வாங்குகிறவனிடம் அது செல்லுமா? அதனால் நீரோவுக்குப் பிறகும் வியாபாரி பழைய காசைப் பொறுக்கித்தான் கப்பலேற்றினான். அதிலும், அகஸ்டஸ் காசில் கேடயத்தோடு நிற்கும் அவருடைய பேரன்கள் காயஸ், லூசியஸ் உருவமும், டைபீரியஸ் காசில் உட்கார்ந்த பெண் உருவமும் உள்ளவைதான் அதிகம். ஆகவே காசில் இருக்கிற அரசன் பேரை வைத்து வணிகம் நின்ற ஆண்டைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, செங்கடல் வழி வந்த சரக்குக்கு 25 சதவீதம் சுங்கம். சேரநாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து போன ஹெர்மபோல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ் என்று பாபிரஸ் ஓலை சொல்கிறது. கால் பங்கு என்றால் 17 லட்சத்துக்கு மேல் கருவூலத்துக்கு. பிளினியின் புலம்பலில் இந்த வரவுப் பக்கமே இல்லை!

அமராவதியார்:
உரைகல் சொன்னதோடு சேர்த்துக்குங்க: வெள்ளியைத் தின்றது படைச்சம்பளம். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் சம்பளத்தை உயர்த்தினார், காசில் வெள்ளி பாதிக்கு வந்தது. அவர் மகன் காரகல்லா மறுபடி உயர்த்தி, 215-ல் ஒன்றரைக் காசு எடையில் இரண்டு காசு மதிப்புள்ள நாணயம் விட்டார். 260-களின் கடைசியில் வெள்ளி 5 சதவீதம்கூட இல்லை. நல்ல காசை மக்கள் பதுக்க, மட்டக்காசே வரியாகத் திரும்பி வந்தது. கடைசியில் அரசே தானியமும் துணியுமாக வசூலிக்க வேண்டியதாயிற்று. இதற்கு நடுவே 165-ல் தொடங்கிய கொள்ளைநோய், 235-லிருந்து 284 வரை இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள்.

காசைச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எக்ஸ்ரே கருவியை மேற்பரப்பில் மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. அடிப்பதற்கு முன்பே வில்லையைச் சுட்டு, அமிலத்தில் போட்டு மேல்செம்பை எடுத்துவிடுவார்கள். தோல் வெள்ளியாக மின்னும், உள்ளே செம்பு. விளிம்பில் நுண்துளையிட்டு உட்சதையை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கணக்கப்பிள்ளை:
ஆனாலும் காசு கெட்டதால் பேரரசு விழுந்தது என்பதை நான் ஏற்க மாட்டேனுங்க. பேரரசர் கான்ஸ்டன்டைன் பவுண்டுக்கு 72 என்று அடித்த தங்க சாலிடஸ் ஏழு நூற்றாண்டு தரம் மாறாமல் ஓடியது. பேரரசின் மேற்குப் பாதி விழுந்தது வரி தரும் நிலம் போனதால். 406-ல் ரைன் எல்லை உடைந்தது, 418-ல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாருக்குத் தென்மேற்கு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டில் இடம் கொடுத்தார்கள். பேரிடி 439: வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்தார்கள். ரோமின் தானியமும் எண்ணெயும் மேற்கின் கொழுத்த வரியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. வரி போனால் படை சுருங்கும், படை சுருங்கினால் அடுத்த மாகாணம் போகும். 468-ல் மீட்கப் போன கடற்படையை வாண்டல்கள் தீக்கப்பல் விட்டு எரித்தார்கள். அப்புறம் எட்டே வருஷம். 476-ல் மேற்கின் கடைசிப் பேரரசன் ரோமுலஸ் அகஸ்டுலஸை இறக்கியது வெறும் சடங்கு.

நொய்யல்கரை:
அப்ப கிழக்குப் பாதி எப்படித் தப்பிச்சுதுங்க?

கணக்கப்பிள்ளை:
எகிப்து அவர்கள் கையில் இருந்ததுங்க: தானியம், வரி, செங்கடல் சுங்கம் மூன்றும். கரூர் அமராவதி மணலில் கிடைக்கிற பொடிச் செப்புக் காசுகளில் 4, 5-ஆம் நூற்றாண்டுக் காசுகளும் இருப்பதைப் பாருங்க. 640-களில் எகிப்து அரபியர் வசம் போனதும் கிழக்கும் படைச்சம்பளத்தை வெட்ட வேண்டி வந்தது.