வீட்டு மெஷின்ல குவில்ட்: வளைவுல மட்டும் அடிப்பக்கம் நூல் இழுத்துட்டு நிக்குது, வழி சொல்லுங்க

திங்கள்சந்தை தையல்:
கனடாவுல இருக்க தங்கச்சி பிள்ளைக்கு ஒரு குவில்ட் (மூணு அடுக்கு மெத்தைப் போர்வை) தைக்கேன். 36-க்கு 45 இஞ்ச். மேல பருத்தித் துண்டுகள், நடுவுல பாலியஸ்டர் ஃபைபர் ஷீட், அடியில கருநீலப் பருத்தி. துண்டு சேர்த்த வரைக்கும் ஒரு குறையும் இல்ல. இப்போ சுழி சுழியா ஃப்ரீ மோஷன் தையல் (துணியைக் கையால நகர்த்திப் போடுறது) போட்டு மூணு அடுக்கையும் பிடிக்கணும். அங்கதான் நிக்கேன்.

மெஷின் மோட்டார் வச்ச வீட்டு ஜிக்ஜாக். துணியைத் தள்ளுற பல்லை இறக்க லீவர் கிடையாது, மூடுறதுக்கு பிளாஸ்டிக் தகடு உண்டு, அதைப் போட்டிருக்கேன். ஸ்பிரிங் வச்ச டார்னிங் ஃபுட், 11 நம்பர் ஊசி. மேல பளபள எம்பிராய்டரி நூல், கீழ் நூல் சுத்துற பாபின்ல சாதாரண காட்டன் தையல் நூல்.

நேரா போனா நல்ல தையல். வளைஞ்சா போச்சு. மேல ஒண்ணும் தெரியாது. திருப்பிப் பாத்தா கீழ் நூல் வளையாம நேரா கிடக்கு, மேல் நூல் சின்னச் சின்ன குச்சியா கீழ இறங்கி அதைப் பிடிச்சிட்டு நிக்குது. மேல் நூல் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, 4-ல இருந்து 6 வச்சேன், மாற்றமில்ல. 8 வச்சா நூல் அறுந்துபோகுது. ஆரம்பிக்கும்போது அடியில ஒரு நூல் கூடும் கட்டுது. பாத்த மெக்கானிக், "இந்த மெஷினுக்கு இது தாங்காது, பெரிய மெஷின் வாங்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். உண்மையா?

குளச்சல் கடற்கரை:
நம்ம ஊரு உப்புக்காத்துல மெஷின் உள்ள துரு பிடிச்சிருக்கும். நாலு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஒரு சந்தேகம், இந்த வேக்காட்டுல உக்காந்து எதுக்கு மெத்தைப் போர்வை தைக்கியோ?

கோட்டார் மெஷின் வேலை:
தேங்காயெண்ணெய் விடவே கூடாது அண்ணே. நாள்பட்டா பிசினா இறுகி, ஷாஃப்டையே பிடிச்சிரும். அப்படிப் பிடிச்சு வந்த மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி எடுத்திருக்கேன். தெளிவான மெஷின் ஆயில் மட்டும் போடுங்க.

அக்கா, பெரிய மெஷின் ஒண்ணும் வேண்டாம். நேர்த்தையல் சரியா விழுதுன்னா ஹூக் டைமிங் (கீழ உள்ள ஹூக் ஊசி நூலைப் பிடிக்கிற நேரம்) பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ரெண்டு விஷயம் பாருங்க. டார்னிங் ஃபுட்டோட கை, ஊசி ஸ்க்ரூவுக்கு மேல உக்காந்திருக்கா? அப்பத்தான் ஊசி ஏறும்போது ஃபுட்டும் ஏறும். அடுத்தது, தைக்கும்போது ஃபுட்டை ஏத்தி இறக்குற லீவர் இறங்கித்தான் இருக்கா? இந்த ஃபுட் துணியை அழுத்தாது, அதனால லீவர் மேல நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது. மேல நின்னா டென்ஷன் தட்டு திறந்தே இருக்கும், நூல் பிடிமானம் இல்லாம அடியில போய்க் குவியும்.

நூல் கோக்கும்போது மட்டும் லீவர் மேல இருக்கணும், அப்பத்தான் நூல் தட்டுகளுக்கு நடுவுல இறங்கும். கோத்துட்டு லீவரை இறக்கி நூலை இழுத்துப் பாருங்க. ஊசி வளையுற அளவுக்கு இறுக்கம் தெரியணும்.

திங்கள்சந்தை தையல்:
ஃபுட் கை ஸ்க்ரூவுக்கு மேலதான் இருக்கு. லீவர் இறக்கித்தான் தைக்கேன். இழுத்துப் பாத்தேன், இறுக்கம் இருக்கு, ஆனா எம்பிராய்டரி நூல் வழுவழுன்னு வருது. குளச்சல் அண்ணே, கனடாவுல வேக்காடு இல்லல்லா!

தக்கலை எம்பிராய்டரி டீச்சர்:
பதில் நீங்க எழுதினதுலயே இருக்கு மக்களே. மேல மெல்லிசான வழுக்கு நூல், கீழ தடிச்ச காட்டன் நூல். பாபின் உக்காருற கேஸோட ஸ்பிரிங்குக்கு அடியில தடிச்ச நூல் இறுகித்தான் வரும். வழுக்கு நூலுக்கு மேல் டென்ஷன் தட்டுல பிடிமானம் குறைவு. கீழ இழுவை கூட, மேல இழுவை குறைவு. நேர்கோட்டுல அது வெளிய தெரியாது. வளைவுல இறுகின கீழ் நூல் சுத்திப் போகாம உள்பக்கமா குறுக்கு வழி பிடிக்கும், மேல் நூலையும் கூடவே இழுத்துட்டுப் போகும். நீங்க பாத்த குச்சி அதாக்கும். இதை மேல் டென்ஷனால சமன் பண்ணப் போனா, நூல்தான் அறும்.

மேலயும் கீழயும் ஒரே சைஸ் நூல் போடுங்க. சாதாரண பாலியஸ்டர் தையல் நூலே போதும், பளபளப்பு பிள்ளைக்குத் தெரியவா போகுது? எம்பிராய்டரி நூல்தான் வேணும்னா பாபின்லயும் மெல்லிசான நூல் சுத்துங்க. 11 நம்பர் ஊசியைக் கழத்திட்டு புது 14 போடுங்க. மூணு அடுக்குக்குள்ள 11 வளையும், தையல் விட்டு விட்டு விழும். காது சின்னதானதால நூலும் உரசி அறும்.

அப்புறம் கை. வளைவு வந்ததும் எல்லாருக்கும் கை தானா வேகமாகும், ஆனா காலடி மோட்டார் அதே வேகத்துலதான் ஓடும். அந்த இடத்துல தையல் நீளமாகி இழுவை கூடும். மோட்டாரை நடுத்தர வேகத்துல ஒரே சீரா வச்சு, கையை மெதுவாக்குங்க. இஞ்சுக்கு 8-ல இருந்து 10 தையல் விழுந்தா கணக்கு சரி.

இது புது வித்தை ஒண்ணும் இல்ல, கேட்டியளா. கருப்பு மிதி மெஷின்ல ஃபுட்டைக் கழத்திட்டு, வளையம் மாட்டி, பூவும் இலையும் போட்ட பெண்கள் நம்ம மாவட்டத்துல எத்தனையோ பேர் உண்டு. அதே கைதான் இதுக்கும். இது 1820-களிலேயே மிஷனரி மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்த நாகர்கோவில் பக்கமாக்கும். வித்தியாசம் என்னன்னா, வளையம் துணியை இறுக்கிப் பிடிக்கும், குவில்ட்டுக்கு வளையம் கிடையாது. உங்க கைதான் வளையம்.

கோட்டார் மெஷின் வேலை:
டீச்சர் சொன்னது சரி. ஆனா பாபின் கேஸ் ஸ்க்ரூவை மட்டும் யாரும் திருகாதீங்க. திருகிட்டு வந்து நம்மகிட்ட அழுவாங்க.

தக்கலை எம்பிராய்டரி டீச்சர்:
திருகாம எப்படிப் படிக்க? ஸ்க்ரூ நிக்கிற கோணத்தை ஒரு தாள்ல வரைஞ்சு வச்சிட்டு, கால் சுத்துக்கும் குறைவா திருகிப் பாருங்க. பாபின் போட்ட கேஸை நூல்ல தொங்கவிட்டு லேசா உதறினா, சிலந்தி இறங்குற மாதிரி கொஞ்சம் இறங்கி நிக்கணும். சரசரன்னு கீழ வந்தா லூசு, அசையவே இல்லன்னா டைட். பயமா இருந்தா இன்னொரு கேஸ் வாங்கி அதை மட்டும் திருகுங்க, பழசு அப்படியே கிடக்கட்டு. இது முன்பக்கம் கழத்துற இரும்பு கேஸுக்கு மட்டும். மேலயிருந்து பாபின் போடுற மெஷின்னா அண்ணன் சொன்னதே சரி.

மார்த்தாண்டம் போர்வை:
துணி எடையையும் பாருங்க எக்கா. மேசைக்குக் கீழ குவில்ட் தொங்கினா ஊசியையே பக்கவாட்டுல இழுக்கும், அங்கேயும் நூல் அறும். மெஷினோட இடப்பக்கமும் பின்னாலயும் மேசையோ ஸ்டூலோ போட்டு மொத்தத்தையும் தூக்கி வைங்க. நடுவுல இருந்து வெளிய போங்க, கைவிரிப்புக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்க. கை வழுக்கினா, பணம் எண்ணுறவங்க போடுற ரப்பர் விரலுறை ஸ்டேஷனரி கடையில கிடைக்கும், ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு விரல்ல மாட்டுங்க.

பல் மூடுற தகடு எனக்கு ஒத்துவரல. அது ஃபுட்டுக்கு அடியில உள்ள இடத்தைக் குறைச்சிரும், தடிச்ச ஷீட் உரசும். தகட்டை எடுத்துட்டு தையல் நீளத்தை 0-ல வைங்க. பல் மேலயும் கீழயும் ஆடும், துணியைத் தள்ளாது.

திங்கள்சந்தை தையல்:
தகட்டை எடுத்தாச்சு, 14 நம்பர் ஊசி, ரெண்டு பக்கமும் ஒரே பாலியஸ்டர் நூல். மிச்சத் துணியில ஒரு சதுரம் தைச்சேன். டென்ஷன் 4-லயே குச்சி நின்னுபோச்சு, ஸ்க்ரூவைத் தொடவே இல்ல. கூர்மையான வளைவுல மட்டும் லேசா ஒண்ணு ரெண்டு தெரியுது, அது என் கை. ஆனா ஆரம்பத்துல நூல் கூடு இன்னும் கட்டுது.

கோட்டார் மெஷின் வேலை:
கை சக்கரத்தைச் சுத்தி ஒரே ஒரு தையல் போட்டு, மேல் நூலை இழுங்க. பாபின் நூல் மேல வரும். ரெண்டு நூலையும் பின்பக்கமா பிடிச்சுக்கிட்டு, அதே இடத்துல மூணு நாலு தையல் விழுந்த பிறகு விடுங்க. முடிக்கும்போதும் அப்படியே ரெண்டையும் மேல எடுத்துட்டு வெட்டுங்க.

திங்கள்சந்தை தையல்:
கூடு இல்ல இப்போ! இன்னொண்ணு: சுழி வரைய பென்சில் போடலாமா, சாக்பீஸ் போடலாமா?

தக்கலை எம்பிராய்டரி டீச்சர்:
தையல் சாக்பீஸ் போடுங்க. சூடு பட்டா மறையுற பேனா வாங்கிராதீங்க, குளிர்ல அந்தக் கோடு திரும்பத் தெரியும். பிள்ளை கனடாவுலல்லா இருக்கு.