கலைச்சொல் வேண்டும்: நலமுரணா, ஆதாய முரணா?

மொழிபெயர்ப்பாளர், ஜார்ஜ்டவுன்:
வணக்கம். ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலாய் மூலத்தில் 'கொன்ஃப்லிக் கெப்பெந்திஙான்', அதாவது சொந்த நலனும் பொதுக் கடமையும் மோதுவது. இடம் இதுதான்: ஒரு குத்தகை மன்றத்துக்கு வருகிறது; உறுப்பினரின் மைத்துனர் அந்த நிறுவனத்தில் பங்குதாரர். உறுப்பினர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். விவாதத்தில் பேசக்கூடாது, வாக்களிக்கவும் கூடாது. பணம் எதுவும் கைமாறவில்லை என்பதால் 'ஊழல்', 'கையூட்டு' இரண்டும் பொருந்தா. 'நலமுரண்' என்று வைத்திருக்கிறேன்.

தமிழாசிரியர், செந்தூல்:
அம்மா, தொகைச்சொல்லை விரித்துப் பாருங்கள். 'நலங்களுக்கிடையே முரண்' என்பது உங்கள் கருத்து. 'நலத்துக்கு முரண்' என்று விரித்தால் 'கேடு' என்றாகிவிடும். 'ஆதாய முரண்' யாருக்கும் புரியும்.

பட்டர்வொர்த்:
ஆதாயம் வடசொல், ஐயா. நம்மிடம் 'ஊதியம்' இருந்ததே! 'ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற குறளில் அது இலாபம், இன்று சம்பளம். பதவியால் வரத்தக்க இலாபம் சம்பளம் ஒன்றே என்று மொழியே சொல்வதுபோல் இருக்கிறது. 'ஊதியமுரண்' என்று மீட்போம்.

செந்தூல்:
மீட்டால் சம்பளத் தகராறு என்றுதான் படிப்பார்கள். மலாயில் 'சுவாப்' என்றால் வாயில் ஊட்டுவது. நம் 'கையூட்டு' கையில் ஊட்டுவது. அந்த ஒற்றுமையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது, ஆனால் இங்கே உதவாது.

வழக்கறிஞர், கோலாலம்பூர்:
ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009, பிரிவு 23 'முரண்' பற்றிப் பேசவே இல்லை. தனக்கோ உறவினருக்கோ கூட்டாளிக்கோ நேரடியாகவோ மறைமுகமாகவோ பயன் உள்ள விவகாரத்தில் அதிகாரி முடிவெடுத்தாலே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, பதவியைக் கையூட்டுக்காகப் பயன்படுத்தினார் என்று அனுமானம். துணைவரின் உடன்பிறப்பும் அச்சட்டப்படி உறவினரே. மைத்துனர் தப்ப முடியாது. பிரிவு 24இன்படி 20 ஆண்டு வரை சிறை. அபராதம், பெற்ற கையூட்டின் ஐந்து மடங்குக்கோ 10,000 ரிங்கிட்டுக்கோ, எது கூடுதலோ அதற்குக் குறையாது. முன்னாள் பிரதமர் நஜிப் மீதான எஸ்ஆர்சி வழக்கில் 2020இல் உயர்நீதிமன்றம் 42 மில்லியன் ரிங்கிட்டுக்கு 210 மில்லியன் அபராதம் விதித்தது இந்தக் கணக்கில்தான்.

பட்டர்வொர்த்:
உத்திரமேரூர்க் கல்வெட்டும் இதையே செய்கிறது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து ஊர்ச்சபைத் தேர்தல் விதி அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய சிற்றவ்வை பேரவ்வை (தாயின் தங்கை, தமக்கை) மக்களையும் அத்தை மாமன் மக்களையும் குடவோலையிலிருந்து விலக்குகிறது. தனிச்சொல் தேடாமல் உறவுகளையே எண்ணிச் சொன்னார்கள்.

வழக்கறிஞர்:
அதையே செய்யுங்கள். அறிவிப்புப் படிவத்தில் 'ஆதாயம்' என்று கேட்டால், பணம் இன்னும் வாங்காதவர் நேர்மையாகவே 'இல்லை' என்று எழுதிவிடுவார். நமக்குத் தெரிய வேண்டியது வரக்கூடிய பயன். 'எனக்கோ, என் துணைவருக்கோ, இருவரின் உடன்பிறப்புகளுக்கோ இந்நிறுவனத்தில் பங்கு, வேலை, கடன் உண்டா?' என்று கேளுங்கள்.

ஜார்ஜ்டவுன்:
நன்றி. தலைப்பில் 'ஆதாய முரண்', அது யாருக்கும் புரியும். படிவத்தில் வழக்கறிஞர் ஐயா சொன்ன கேள்வி.

பட்டர்வொர்த்:
தலைப்பிலாவது 'பயன்முரண்' என்று வைத்திருக்கலாம். என் மறுப்பு நிற்கிறது.