அழுத்தக்காரியும் வாய்க்காரியும்

சின்ன வயதில் உங்களை எப்படிப்பட்ட பிள்ளை என்று ஊரில் சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இந்தக் குழுவில் ஒவ்வொருவரும் எழுதிய பதிலைப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னைப் பற்றி எழுதினால் என் தங்கையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அவளிடம் கேட்டேன். "எழுதுக்கா, பேரை மட்டும் போடாத" என்றாள்.

எங்களுக்குப் பாம்பன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போவார், அம்மா கடற்பாசி எடுக்கப் போவார். ஊரில் எனக்கு வைத்த பட்டம் அழுத்தக்காரி. பெரியம்மா ஊமைக்கோட்டான் என்பார், கல்லுளிமங்கி என்றும் சொல்வதுண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அம்மாவை வரச் சொல்லி, "பிள்ளை அமைதியா இருக்கு, நல்ல விஷயம்தான், ஆனா கொஞ்சம் மந்தமோன்னு தோணுது" என்றார். அம்மா அதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோரிடமும் சொன்னார்.

என் தங்கை என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுக்கு வாய்க்காரி, வாயாடி, முந்திரிக்கொட்டை என்று மூன்று நான்கு பட்டம். யாராவது என்னிடம் ஒன்று கேட்டால் அவள்தான் பதில் சொல்வாள். கடைக்காரர் என்னைப் பார்த்து "என்ன பாப்பா வேணும்" என்றால், "அக்காவுக்கு அரைக்கிலோ சீனி, அப்புறம் ஒரு சோப்பு" என்று அவள் சொல்வாள். பாசி காயப்போடும் இடத்தில் பெரியம்மாக்கள் கூடி உட்கார்ந்திருக்கும்போது என்னைக் கூப்பிட்டுப் பார்த்து, நான் திரும்பாவிட்டால் "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா உங்க அக்கா" என்பார்கள், அதற்கும் இவள்தான் சண்டைக்குப் போவாள். ஒருத்தி கல், ஒருத்தி கிளி, ஒரே வயிற்றில் எப்படிப் பிறந்தது என்று எத்தனையோ பேர் எங்கள் முகத்துக்கு நேராகவே ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

ஒருவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவின் அப்பா, நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். விசைப்படகில் டிரைவராக இருந்து என்ஜின் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் கிடந்து அவருக்குக் காது மங்கிப்போயிருந்தது. அதனால் யாரிடம் பேசினாலும் எதிரில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் வல்லத்தின் மேல் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். கச்சான் காற்று எப்போது விழும், எந்த மீன் எந்தப் பாரில் (கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு) கிடக்கும், அவர் வாலிபத்தில் தனுஷ்கோடிக்கு ரயிலில் போனது, 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் போனது, எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இவளைப் போயி அழுத்தக்காரிங்கிறீங்களே, இது கண்ணால கேக்குற புள்ள" என்று அம்மாவிடம் சொல்வார். பேத்தி மேல் இருக்கிற பாசத்தில் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அய்யா சொன்னது உண்மை. எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. அது எனக்கே பதினெட்டு வயதுவரை தெரியாது.

எப்படித் தெரியாமல் இருக்கும் என்று கேட்பீர்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது எங்கள் பக்கம் சளி பிடிக்கிற மாதிரி. விடிந்தால் கடலில் குதிக்கிறோம், காதுக்குள் தண்ணீர் போகிறது, வடிகிறது, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அம்மா இரண்டு சொட்டு விடுவார் (தயவுசெய்து யாரும் விடாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே உள்ளே போகும்), கொஞ்ச நாளில் நின்றுவிடும், மறுபடி வடியும். விவரம் தெரிந்ததிலிருந்து ஒரு பக்கம் மந்தமாகவே கேட்டால் உலகமே அப்படித்தான் சத்தம் போடுகிறது என்று நினைத்துக்கொள்வோம். வலது காது நன்றாக இருந்தது. வலப்பக்கம் நின்று கூப்பிட்டவர்களுக்கு நான் நல்ல பிள்ளை, இடப்பக்கம் நின்று கூப்பிட்டவர்களுக்குத் திமிர் பிடித்தவள். ஆடி மாசம் காற்று அடிக்கும்போது எந்தப் பக்கம் நின்றாலும் திமிர் பிடித்தவள்தான். ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம் வந்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள், தங்கை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். எல்லோருக்கும் முன்னால் அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு அப்போது வியப்பாக இருக்கும்.

2001-ல் மீன்பிடித் தடைக்காலம் முதல்முறை வந்தபோது, அப்போது 45 நாள்தான், இப்போது 61 ஆக்கிவிட்டார்கள், அப்பா சேர்ந்தாற்போல் அத்தனை நாள் வீட்டில் இருந்தார். கையில் காசில்லை, ஆளும் எரிச்சலில் இருந்தார். ஒருநாள் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், இடப்பக்கத்திலிருந்து மூன்று தடவை தண்ணீர் கேட்டிருக்கிறார். நான்காவது தடவை கேட்கவில்லை, அடித்துவிட்டார். ஏன் அடித்தார் என்றே எனக்குப் புரியவில்லை. தங்கை ஓடிவந்து நடுவில் நின்று, "அவளுக்குக் கேக்கலப்பா" என்றாள். பதினொரு வயது அவளுக்கு. அப்பா அதை, இவள் எப்போதும் போல அக்காவுக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். "உனக்கு வாய் கூடிப்போச்சு" என்று அவளுக்கும் ஒன்று விழுந்தது.

மதுரையில் கல்லூரி விடுதியில் இருக்கும்போதுதான் கூட இருந்த பிள்ளை கண்டுபிடித்தாள். போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு, வலது கையால் எழுதிக்கொண்டிருந்தேன். "இடது காதுல வச்சா சுலபமா எழுதலாமே" என்றாள். மாற்றி வைத்தேன். போன் கெட்டுவிட்டது என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு செவிப்பறையில் பெரிய ஓட்டை என்றார், சத்தத்தை அளந்து பார்க்கும் சோதனையும் எடுத்தார்கள். காதுக்கு மேலே உள்ள தசையின் மேலுறையில் கொஞ்சம் எடுத்து ஓட்டையை அடைக்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது என்றார். பிறகு செய்துகொண்டேன். முழுக்க இல்லை, பெரும்பாலும் கேட்கிறது. அந்த விவரத்தை யாராவது கேட்டால் தனியாக எழுதுகிறேன், இங்கே நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா முதலில் அழுதார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். மறுநாள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இது வெளிய தெரிய வேணாம்" என்றார். வயசுப் பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் குறையுள்ள பிள்ளை என்பார்கள், வரன் வராது, அழுத்தக்காரி என்றால் அது குணம்தானே, கல்யாணம் ஆனால் மாறிவிடும் என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு உடம்பில் குறை என்று பெயர் வந்தால் என்ன நடக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். நானும் சரி என்றேன். தங்கையும் சரி என்றாள். எனக்குப் பட்டம் பழகிவிட்டிருந்தது, ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது.

2011-ல் தங்கைக்கு உச்சிப்புளிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கும் அவளுக்கும் பிடித்திருந்தது. பையன் வீட்டார் எங்கள் ஊரில் நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார்கள். "மூத்தது அழுத்தம், இளையது வாய், அதுகிட்ட யாரும் பேசி ஜெயிக்க முடியாது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பிறகு வரவில்லை. தங்கை அதற்குப் பின் நாலைந்து மாதம் யாரிடமும் பேசவில்லை. பாசிக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு "இப்பத்தான் புள்ள அடக்கமா இருக்கு" என்று சொன்னதை நான் வலது காதாலும் கேட்டேன், இடது காதாலும் கேட்டேன். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு முழுக்க விளங்கியது. அவள் பிறவியில் வாயாடி இல்லை. எனக்குக் கேட்காததை எல்லாம் அவள் கேட்டு, நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சொல்லி, எனக்கு விழ வேண்டிய அடியை அவள் பாதி வாங்கி, அப்படி வளர்ந்த பிள்ளை. விவரம் தெரியாத வயதிலேயே அவளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. அவளுக்கு வந்த பட்டம் என் காதால் வந்தது. அதை நாங்கள் மறைத்ததால்தான் அவள் வரனும் போனது. நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன், அம்மாவைக் கேட்கவில்லை. காதைக் காட்டினேன், தழும்பைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தச் சின்னது சொன்னதெல்லாம் உனக்காகவா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது, தெரியட்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

தங்கைக்கு இரண்டு வருஷம் கழித்து மண்டபத்தில் கல்யாணம் ஆனது, நல்ல மனிதர். பாசித் தொழிலை அவள் விடவில்லை. தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாரில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பார்கள். அமாவாசையை ஒட்டிக் கொஞ்சம், பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம், மாதம் 12 நாள்தான் என்று பெண்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு உண்டு. பாசி எடுக்கிற மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அதனால் எங்கே இறங்கலாம் எங்கே கூடாது என்று அதிகாரிகளோடு எப்போதும் பேச்சு நடக்கும். எங்கள் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்குப் பாசிப் பெண்களுக்காகப் பேசிப் போராடியதற்குத்தான் 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது கிடைத்தது. செய்தி வந்த அன்று தங்கை போன் போட்டு, "பேசினா விருது குடுக்குறாங்கக்கா" என்றாள். நான் அழுதுவிட்டேன். இப்போது கூட்டம் ஏதாவது என்றால் அவளோடு தொழில் செய்கிறவர்கள் முதலில் அவள் வீட்டுக்குத்தான் ஆள் விடுகிறார்கள், அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறார்கள்.

நான் இன்றும் குறைவாகத்தான் பேசுகிறேன். காது சரியான பிறகும் அது மாறவில்லை, அது என் குணம்தான் போலிருக்கிறது, அல்லது அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி ஆகிவிட்டதோ, பிரித்துப் பார்க்க முடியவில்லை. அய்யா இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

போன மாதம் தங்கையோடு ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போனேன். ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது, அவளை உட்காரச் சொன்னேன். "நீ போ உள்ள" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு, என் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.