ஆப்டிகல் வயருக்குத் தமிழ்: ஒளிவடமா, கதிர்வடமா?

கானாடுகாத்தானிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். மின்பணி படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறிவருகின்றன. பாட்டு ஸ்ட்ரீமிங் பெட்டியை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்க எந்த வயர் போடுவது என்று ஒரு பாடம் வைத்திருக்கிறேன். பாட்டை ஒளியாகக் கொண்டுபோகும் ஆப்டிகலுக்கு ‘ஒளிவடம்’, மின்சாரமாகக் கொண்டுபோகும் அனலாக்குக்கு ‘ஒப்புமை வடம்’ என்று எழுதியிருந்தேன். நேற்று வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பாதிப் பேர் நோட்டில் ‘ஒலிவடம்’ என்று இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வயரும் ஒலிக்காகத்தானே? தப்பாகக் கேட்டாலும் பொருள் வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. வேறு சொல் வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, நாவைத் திருத்துங்கள், சொல்லை ஏன் மாற்ற வேண்டும்? லகர ளகர மயக்கத்துக்கு அஞ்சினால் கிளியும் கிலியும் என்னாவது? எனக்கு ஒளிவடத்தில் வேறொரு குறை தெரிகிறது. ‘ஒளி’ பெயராகவும் வரும், வினைப்பகுதியாகவும் வரும். வினைத்தொகையாகக் கொண்டால் ஒளிந்த வடம், ஒளிகின்ற வடம், ஒளியும் வடம். சுவருக்குள் பதித்த வயர் என்று ஒருவர் படித்தால் அவரை மறுக்க இலக்கணம் இல்லை.

அப்புறம், வடம் என்பது பல புரி சேர்ந்து முறுக்கியது. தேர்வடத்தை நினைத்துப் பாருங்கள். முத்துவடத்திலும் முத்துகள் பல. உள்ளே ஒற்றை நார்தான் என்றால் அது வடமாகாது, இழைதான். இழைக்கு நூல் என்றும் பொருள், அணி என்றும் பொருள். ஆயிழை, சேயிழை எல்லாம் அந்த வழி வந்தவை. ‘ஒளியிழை’ என்றே போடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா சொல்வது போல உள்ளே ஒற்றை நார்தான், ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக். ஆனால் கடையில் ஒளியிழை என்று கேட்டால் இன்டர்நெட் ஃபைபரை எடுத்து வைப்பார்கள். இது 1983இல் தோஷிபா கொண்டுவந்த வேறு சாமான்.

மைக் செட் வேலையில் நான் முதலில் பார்ப்பது நுனியைத்தான். பெட்டியில் ஒரு முனையைச் செருகிவிட்டு மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் மிளகு அளவில் சிவப்புப் பொட்டு விழும். விழவில்லையா, மூடியைக் கழற்றாமல் செருகியிருப்பார்கள், இல்லையென்றால் நிலைக்கதவு இடுக்கில் வயர் மடிந்திருக்கும்.

போன மாதம் ஒரு வீட்டில் பெட்டி முகப்பில், ஆம்ப் நடு முற்றமான வளவைத் தாண்டிப் பின்பக்கத்து இரண்டாம் கட்டில். சிவப்பு வெள்ளை அனலாக் வயரை இழுத்திருந்தார்கள். பாட்டு நின்றால் ‘உர்’ரென்று இரைச்சல், இரண்டும் வேறு வேறு பிளக்கில் இருந்ததால் எர்த் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த இரைச்சல் அது. ஆப்டிகலில் மின்சாரம் போகாது, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது பொதுவாக 5 மீட்டர், மிஞ்சினால் 10. அந்த வளவைச் சுற்றிவர எட்டாது. கடைசியில் பெட்டிக்கு நெட் கொண்டுவரும் லேன் வயரை இழுத்துப் பெட்டியையே ஆம்ப் பக்கத்தில் வைத்தேன். லேன் 100 மீட்டர் வரை தாங்கும். இதையும் கையேட்டில் சேருங்கள். அனலாக் மட்டம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அண்ணே. எண் வடிவில் (டிஜிட்டல்) வரும் பாட்டை அலையாக மாற்றும் சிப் எதில் நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆம்ப்பில் என்றால் ஆப்டிகல், பெட்டியில் என்றால் சிவப்பு வெள்ளை.

காரைக்குடியிலிருந்து:

இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் ஒன்று. ஆப்டிகலும் அனலாக்கும் நேர் எதிர்ச் சொற்கள் இல்லை. ஒன்று எதன் வழியாகப் போகிறது என்பதைச் சொல்கிறது, மற்றது எந்த வடிவில் போகிறது என்பதை. இதே வேலைக்கு வரும் கோஆக்சியல் என்ற உலோக வயரில் மின்சாரம்தான் போகிறது, ஆனால் பாட்டு போவது எண் வடிவில். பெயர் வைக்கும்போது இந்த வேறுபாடு குழம்பக் கூடாது. ‘ஒப்புமை’ என்றால் பிள்ளைகள் உவமை என்று நினைக்கிறார்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் போலவே மின்னழுத்தமும் ஏறி இறங்குவதால் ‘அலைவடம்’ எனலாம். மற்றதற்குக் ‘கதிர்வடம்’. காதில் குழப்பம் வராது.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, அலைவடம் அழகு, ஏற்கிறேன். ஆனால் கதிர் என்றால் நெல்லும் ஞாயிறும் நினைவுக்கு வரும். இக்காலத்தில் கதிர்வீச்சும் வரும். வீட்டுக்குள் கதிர்வடம் என்றால் அஞ்சமாட்டார்களா?

பள்ளத்தூரிலிருந்து:

கதிர்வடம் வாயில் நிற்கிறது. ஆனாலும் கடையில் ஆப்டிகல் என்றுதான் கேட்பேன்.

கானாடுகாத்தானிலிருந்து:

வியாழன் இரவு ஆகிவிட்டது. மூன்று பேர் பக்கம் சாய்ந்து கதிர்வடம், அலைவடம் என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆப்டிகல், அனலாக். கோஆக்சியலுக்கு இன்னும் தமிழ் கிடைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

கதிர்வடத்துக்கு என் இசைவு இல்லை என்று பதிந்துகொள்ளுங்கள். இழையை விட மனம் வரவில்லை. மெய்ப்பை இன்றிரவே அனுப்புங்கள் தம்பி, ஒற்றுப்பிழை பார்த்துக் காலையில் தருகிறேன்.