பேட்டரியில் இயங்கும் உணரிகளுக்கு எந்தத் திறந்த மூல இயங்குதளம்?

கேள்வி:
மண்ணின் ஈரப்பதத்தை அளந்து, அளவீடுகளை அண்டை முனைகள் (உணரிக் கருவிகள்) வழியாக நுழைவாயிலுக்கு (கேட்வே) அனுப்பும் கம்பியில்லா வலையமைப்பு ஒன்றை வடிவமைத்து வருகிறேன். ஒவ்வொரு முனையிலும் 256 கிலோபைட் ரேம் கொண்ட என்ஆர்எஃப்52840 சிப் இருக்கும். இரண்டு ஏஏ பேட்டரிகளில் அது பல மாதங்கள் இயங்க வேண்டும். கான்டிக்கி-என்ஜி, ரியாட், செஃபிர் ஆகிய மூன்று திறந்த மூல இயங்குதளங்களில் மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவிடுவது எது?

மறுமொழி 1:
கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஒப்பிடுவதற்கு முன் ரேடியோவைப் பாருங்கள். உறக்கத்தில் சில மைக்ரோஆம்பியர் மட்டுமே எடுக்கும் சிப், ரேடியோ செவிமடுத்துக்கொண்டிருக்கும்போது சில மில்லிஆம்பியர் எடுக்கிறது. ரேடியோ ஓயாமல் விழித்திருந்தால், எந்த இயங்குதளமானாலும் பேட்டரி சில வாரங்களில் தீர்ந்துவிடும். பிறருடைய தரவைக் கடத்தும் முனைகளும் உறங்க வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். செஃபிரில் ஓப்பன்த்ரெட் (த்ரெட் என்னும் கம்பியில்லா வலையமைப்பு நெறிமுறையின் திறந்த மூல வடிவம்) எளிதாக அமையும், ஆனால் அந்த நெறிமுறையில் ரௌட்டர்களின் (பிறருடைய தரவைக் கடத்தும் முனைகளின்) ரேடியோ எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உறங்கும் உரிமை கடைநிலை முனைகளுக்கு மட்டுமே உண்டு. கான்டிக்கி-என்ஜியில் உள்ள டிஎஸ்சிஎச் என்னும் நேரத்துண்டு அட்டவணை முறையிலோ எல்லா முனைகளும் ஒரே கடிகாரத்துக்கு இசைந்து, தமக்குரிய நேரத்துண்டில் மட்டும் விழிக்கின்றன. உங்கள் சிப்பின் ரேடியோ டிரைவர் அதை ஆதரிக்கிறதா என்பதை மூல நிரலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். நிரல் எழுதும் முறையையும் கருத்தில் கொள்ளுங்கள். கான்டிக்கியின் புரோட்டோத்ரெட்டுகளுக்கு (நிரலின் மிக இலகுவான பணியிழைகளுக்கு) தனித்தனி ஸ்டேக் (தற்காலிகத் தரவுக்கான நினைவகப் பகுதி) கிடையாது என்பதால், ஒரு நிகழ்வுக்காகக் காத்திருந்து திரும்பும்போது உள்ளூர் மாறிகளின் மதிப்பு அழிந்திருக்கும்; அவற்றை ஸ்டேட்டிக்காக (மதிப்பு நிலைத்திருக்கும்படி) அறிவிக்க வேண்டும். 10 கிலோபைட் ரேமுடன் வந்த டெலோஸ்-பி போன்ற பழைய உணரிப் பலகைகளில் அந்தச் சிக்கனம் இன்றியமையாததாக இருந்தது. 256 கிலோபைட் இருக்கும்போது ரியாட்டின் முழுமையான த்ரெட்டுகளில் (தனி ஸ்டேக் கொண்ட பணியிழைகள்; மேலே சொன்ன த்ரெட் நெறிமுறை அல்ல) எழுதுவதே எனக்கு இயல்பாகப் படுகிறது. வேலையில்லாத நேரத்தில் கடிகாரத்தின் காலமுறைத் துடிப்புக்காக ரியாட் சிப்பை எழுப்புவதும் இல்லை. பொருளை விற்கும் எண்ணம் இருந்தால் உரிமத்தையும் கவனியுங்கள்: ரியாட் எல்ஜிபிஎல் 2.1, செஃபிர் அப்பாச்சி 2.0, கான்டிக்கி-என்ஜி பிஎஸ்டி.

மறுமொழி 3:
ஈரப்பத உணரிக்கு எப்போதும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் மேற்கண்ட சேமிப்பெல்லாம் வீணாகிவிடும். அளக்கும் கணத்தில் மட்டும் அதற்கு மின்சாரம் தரும் சுவிட்ச் ஒன்றைப் பலகையிலேயே அமையுங்கள்; அதை எந்த இயங்குதளமும் உங்களுக்காகச் செய்துதராது.

கேள்வி கேட்டவர்:
கடத்தும் முனைகளும் பேட்டரியில்தான் இயங்கும் என்பதால் த்ரெட் நெறிமுறையைக் கைவிடுகிறேன். கான்டிக்கி-என்ஜியின் நேரத்துண்டு அட்டவணையை முதலில் கூஜா சிமுலேட்டரில் (வலையமைப்பைக் கணினியிலேயே போலச்செய்து காட்டும் மென்பொருளில்) ஓட்டிப் பார்த்து, ரேடியோ விழித்திருக்கும் விகிதத்தை இங்கே பதிவிடுகிறேன்.