ஃபைபர் பிரிண்டில் பழுப்புத் திட்டு: கழுவியது போதவில்லையா?

நெகடிவ்பிரியன்:
இருட்டறையில் மல்டிகிரேடு ஃபைபர் தாளில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத கறுப்பு-வெள்ளைப் புகைப்படத் தாள்) போட்ட 8க்கு 10 அங்குலப் பிரிண்டுகள். சில மாதங்களிலேயே வெள்ளை ஓரங்களில் பழுப்புத் திட்டு விழுகிறது. கறுப்பு அப்படியே இருக்கிறது. ராப்பிட் ஃபிக்சர் (ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் கரைசல்) 1+4, அதாவது ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர், ஒரு லிட்டரில் 25 பிரிண்ட் வரை போடுகிறேன். ஒவ்வொன்றும் 10 நிமிடம் ஊறும், பிறகு ஓடும் நீரில் ஒரு மணி நேரம். கழுவும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா?

வெள்ளியுப்பு:
ஆகாது. கறுப்பு மங்காமல் வெள்ளை மட்டும் பழுத்தால், பெரும்பாலும் தாளில் வெள்ளி தங்கியிருக்கிறது. பல பிரிண்ட் போட்டுக் களைத்த ஃபிக்சர் வெள்ளி உப்பை அரைகுறையாக மாற்றி, நீரில் கரையாத சேர்மமாக விட்டுவிடும். அது சிதைந்து வெள்ளி சல்ஃபைடாகும்போதுதான் இந்தப் பழுப்பு. நாள் முழுக்கக் கழுவினாலும் அது வெளியே வராது.

நெடுநாள் நிற்க வேண்டிய பிரிண்டுக்கு, ஃபிக்சரில் வெள்ளி லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது புகைப்படத் தாள் நிறுவனமான இல்ஃபோர்டு. 8க்கு 10 ஃபைபர் தாளில் அது சுமார் 10 பிரிண்ட்தான். ஃபிக்சருக்கு இரண்டு தட்டு வையுங்கள், தட்டுக்கு 30 விநாடி. முதல் தட்டு களைத்ததும் அதை அகற்றி, இரண்டாவதை அந்த இடத்துக்கு நகர்த்தி, புதிதாக ஒன்று கலக்குங்கள்.

இருட்டறைவாசி:
அந்த 10 நிமிடத்தையும் விடுங்கள். 1+4 கரைசலில் மொத்தம் ஒரு நிமிடம் போதும். கூடுதலாக ஊறினால் ஃபிக்சரில் உள்ள தையோசல்ஃபேட் உப்பு காகித நாருக்குள் இறங்கிவிடும், கழுவி எடுப்பது பெரும்பாடு. கோடையில் தட்டு சூடேறினால் வெளிர் பகுதிகளின் நுணுக்கமும் அரிபடும், மேகமும் வெள்ளைச் சேலை மடிப்பும்தான் முதலில் போகும். பிரிண்டுகளை அடுக்காமல் ஒவ்வொன்றாக அசையுங்கள். ஒட்டிக்கொண்ட இடத்தில் ஃபிக்சர் ஏறாது.

கழுவ: 5 நிமிடம் நீர், பிறகு ஃபிக்சர் எளிதில் வெளியேற சோடியம் சல்ஃபைட் லிட்டருக்கு 20 கிராம் கரைசலில் 10 நிமிடம், கடைசியாக ஓடும் நீரில் அரை மணி.

நெகடிவ்பிரியன்:
வெள்ளி மிச்சமிருக்கிறதா என்று உலர்த்துமுன் தெரிந்துகொள்ள முடியுமா சார்?

வெள்ளியுப்பு:
செலினியம் டோனரை (பிரிண்டின் நிறத்தொனியை மாற்றும் கரைசல்) 1+9 கலந்து, நீர் வடித்த ஈரப் பிரிண்டின் வெள்ளை ஓரத்தில் ஒரு சொட்டு. 2, 3 நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். லேசான கிரீம் நிறத்தோடு நின்றால் நல்லது. மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் புது ஃபிக்சரில் போட்டு, மறுபடி முழுதாகக் கழுவுங்கள். கையுறை கட்டாயம், செலினியம் நச்சு. ஏற்கெனவே பழுத்தவற்றை ஃபிக்சர் மீட்காது, நெகடிவிலிருந்து புதிதாகப் போடுங்கள்.