லெ மான் 24 மணி நேரப் பந்தயம்: கூட்டமாகப் போய் டென்ட் அடித்தவர்களின் அனுபவங்கள்

2024 ஜூனில் இங்கிலாந்திலிருந்து எட்டுப் பேர் இரண்டு காரில் பிரான்சின் லெ மான் ஊரில் நடக்கும் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குப் போனோம். கூட்டமாகப் போக யோசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஆள் சேர்க்கும் முன் இடத்தைப் பிடித்துவிடுங்கள்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யார் வருகிறார், யார் வரவில்லை என்று பேசி முடித்து, பொங்கல் கழிந்து டிக்கெட் தேடினால் நல்ல கேம்ப் இடங்கள் போயிருக்கும். விற்பனை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நுழைவுச் சீட்டு ஆளுக்கொன்று. டென்ட் அடிக்கும் இடத்துக்குத் தனிச் சீட்டு. கிராண்ட்ஸ்டாண்டில் (பார்வையாளர் இருக்கை மேடையில்) உட்கார வேண்டுமென்றால் அதற்கும் தனி. மெசோன் பிளான்ஷ், போசெஜூர், தெர்த்ர் ரூஜ் என்று கேம்ப்புகள் ஓடுபாதையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. பாதையோ ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். பாதிப் பேர் ஒரு கேம்ப்பிலும் மீதிப் பேர் வேறொன்றிலும் மாட்டிக்கொண்டால் சேர்ந்து சமைப்பது, சேர்ந்து சாப்பிடுவது எதுவும் நடக்காது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா எல்லோரிடமும் முன்பணம் வாங்கிக்கொண்டு, எல்லா இடங்களையும் ஒரே ஆர்டரில் எடுத்தார். பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தன.

அடுத்தது விசா. எங்களில் பாதிப் பேர் வைத்திருப்பது இந்தியப் பாஸ்போர்ட். பிரிட்டனில் வீடு, வேலை எல்லாம் இருந்தாலும் பிரான்சுக்குள் போக ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. தங்குமிடச் சான்றாகக் கேம்ப் ரசீதையே வைத்தோம். அது அக்கா பெயரில் மட்டும் இருந்ததால், இன்னின்னார் என்னோடு தங்குகிறார்கள் என்று அவர் எழுதிய கடிதத்தை எல்லோரும் இணைத்தோம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருப்பவர்களும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருஷம் ஆகியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்கு அப்புறம் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று. பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் அதில் சேர்த்தி. அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி இவற்றோடு கிளம்பினோம். தயிர், முட்டை, கோழி எல்லாம் லெ மான் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டோம். கேஸ் அடுப்பு எடுத்துப்போகிறவர்கள் வால்வைக் கவனியுங்கள். பிரான்சில் பரவலாகக் கிடைக்கும் சிலிண்டருக்குத் திருகு மரை இருக்காது, திருகிப் பொருத்தும் அடுப்பு அதில் சேராது.

இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் காரோடு ரயில் ஏறினால் பிரான்சின் கலே 35 நிமிடம்தான். அங்கிருந்து சாலை நீளம், சுங்கச்சாவடிகளும் உண்டு. நம் காரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் பணம் கட்டும் இயந்திரம் பக்கத்து சீட்காரர் கைக்குத்தான் எட்டும். விழித்திருக்கும் ஆளை அங்கே உட்கார வையுங்கள். ஒளிரும் மேல்சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் காரில் இருந்தாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

இதெல்லாம் ஏற்பாடு. நான் எழுத வந்தது எங்கள் பக்கத்து டென்ட்காரர்களைப் பற்றி.

டென்மார்க்கிலிருந்து ஒரு குடும்பம்: அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மருமகள். அந்த நாட்டுக்காரர்கள் இங்கே ஏராளம். இந்தப் பந்தயத்தை 9 முறை ஜெயித்த டாம் கிறிஸ்டென்சன் அவர்கள் நாட்டவர். நாங்கள் டென்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், எதுவும் பேசாமல் தன் வண்டியிலிருந்து ஒரு சாணுக்கு மேல் நீளமான இரும்பு முளைகளையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பிகள் காற்றடித்தால் நிற்காது என்று சைகையில் காட்டி, நான்கு மூலையும் அவரே அடித்துக் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். மருமகள்தான் மொழிபெயர்ப்பார்.

சனி மாலை 4 மணிக்குப் பந்தயம் தொடங்கியது. இருட்டவே இரவு 10 மணிக்கு மேல் ஆகிவிடும். அன்றிரவு மழை பிடித்துக்கொண்டு, அதிகாலையில் பாதுகாப்புக் கார் இறங்கியது. ஆபத்தான நேரத்தில் முன்னால் மெதுவாகப் போய் எல்லோரையும் கட்டுப்படுத்தும் கார் அது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் எல்லாக் கார்களும் அதன் பின்னால் வரிசையாக ஊர்ந்தன. எங்களில் சிலர் தூங்கப் போனார்கள். பெரியவரோ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு என்னை வேலி ஓரத்துக்குக் கூட்டிப் போனார். வேகத்தில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும், இப்போதுதான் ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்கலாம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு காராகப் பெயர் சொன்னார். கேடிலாக் காரின் சத்தத்தை நானும் பிடித்துவிட்டேன். அதன் 5.5 லிட்டர் வி8 எஞ்சின் அடிவயிற்றில் வந்து முட்டும். அன்றைக்கு அந்த வேலி ஓரத்தில் நின்றதை எந்த கிராண்ட்ஸ்டாண்ட் சீட்டுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். திரும்பி வந்ததும் அக்கா சுடச்சுட ரசம் வைத்தார். அந்தக் குடும்பம் மொத்தமும் இரண்டு முறை வாங்கிக் குடித்தது.

ஞாயிறு மாலை முதல் இடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் நடுவே 14 விநாடிதான் இடைவெளி. 50-ஆம் எண் ஃபெராரி ஜெயித்தது. ஒன்பது கார்கள் ஒரு சுற்றுகூடப் பின்தங்காமல் ஒரே சுற்று எண்ணிக்கையில் முடித்தன. இருபத்து நான்கு மணி நேரம் ஓடிய பிறகு!

*

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. கார் இல்லை, இரண்டு குடும்பம், மூன்று குழந்தைகள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து டிராம் பந்தய மைதானத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். டென்ட்டைச் சுமந்துகொண்டு இப்படிப் போக முடியாது. முன்பே அடித்து வைத்த டென்ட்டை வாடகைக்குத் தருகிறார்கள், அதை எடுத்தோம். செலவு கூடத்தான், ஆனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். பெரியவர்களோடு வரும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொது நுழைவு இலவசம் என்பதால் அந்தப் பணம் இதற்கு ஈடாகிவிட்டது.

காதுக்கவசம் இல்லாமல் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். பஞ்சு போதாது, காதை முழுதாக மூடும் வகை வேண்டும்.

வெள்ளிக்கிழமை கார்கள் ஓடாது. அன்று ஓட்டுநர்கள் எல்லோரும் பழைய கார்களில் ஊருக்குள் ஊர்வலம் வருவார்கள். கூட்டம் நெரிந்தது. முன் வரிசையில் நின்ற ஒரு பிரெஞ்சுப் பாட்டி எங்கள் சின்னவளைக் கண்டதும் தான் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். ஓர் ஓட்டுநர் வீசிய தொப்பி அந்தப் பாட்டி கையிலேயே விழுந்தது. அதையும் குழந்தை தலையில் வைத்துவிட்டார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே நன்றி சொன்னாள், அவருக்குப் புரிந்தது.

மழை வலுத்தால் மைதான வாசலில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். 1923-இல் தொடங்கிய பந்தயத்தின் கதை முழுக்கக் கார்களாகவே நிற்கிறது.

*

மேலே இருவர் சொன்னதோடு என்னுடையதும். ஆர்னாஜ் வளைவுக்கு இரவில் பஸ்ஸில் போனோம். அங்கே கார்கள் மிக மெதுவாகத் திரும்பும்; பிரேக் தட்டுகள் சிவந்து ஒளிர்வதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும், "கருண் சந்தோக் ஊரா?" என்றார். 2012-இல் பந்தய ஓட்டுநர் சந்தோக் இங்கே ஓடி 6-ஆவது இடத்தில் முடித்ததை, இந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர் என்பதை, அந்த மனிதர்தான் என் கூட வந்த பையன்களுக்கு எடுத்துச் சொன்னார். 2009-இல் நம் நரேன் கார்த்திகேயன் கடைசி நேரத்தில் தோள்மூட்டு விலகி ஓட முடியாமல் போனது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. விடியும்வரை அவரோடேயே நின்றோம்.

அன்றிரவு போனில் நெட் சரியாகவே வரவில்லை. அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ. 91.2-இல் ஆங்கில வர்ணனை இடைவிடாமல் வரும். ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். பந்தயம் முடிந்த மாலையே கிளம்ப வேண்டாம், சாலை முழுக்க நெரிசல். இரவு தங்கித் திங்கள் காலையில் டென்ட்டைப் பிரித்தால் போதும்.